எஞ்சின் பக்கத்து அறை

காத்தவராயன் என்கிற பெயரை ராஜாமணி முதன்முதலாகக் கேட்டது ஒரு பந்தியில். நெல்லிக்குப்பத்தில் அவள் அத்தை அமராவதியின் கடைசிப் பெண் ஸ்ரீமதிக்குக் காது குத்து. தாய்மாமன் ராஜாமணியின் அப்பா என்பதால் கடலூர் முதுநகரிலிருந்து சீர்த்தட்டுகளோடு குடும்பமே வந்து இறங்கியிருந்தது. ராஜாமணிக்கு அப்போது பத்தொன்பது வயது. ரசவாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் வந்தவள் ஓர் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். இலைக்காரர் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பந்தலில் மேளம் இருந்தது, சிரிப்பு இருந்தது, காது குத்திய பிள்ளையின் அலறல் இருந்தது. அவர் கேட்டது அது எதையும் இல்லை.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

"இரு. சத்தம் மாறுது."

என்ன சத்தம் என்று அவள் கேட்பதற்குள் ஆள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். கையைத் துடைப்பதற்குள் ஆலையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து பந்தல் வாசலில் நின்று கத்தினார்: "காத்தவராயன்! காத்தவராயன் இருக்காரா? டர்பைன்ல என்னமோ சத்தம் வருதாம், ஒடனே வரச் சொன்னாங்க!"

"ஒரு மனுசன எலையில உக்கார வுட மாட்டானுங்களா" என்று அமராவதி அத்தை ஆலையைத் திட்டினாள். இலையிலிருந்து எழுந்து போனவர்தான் காத்தவராயன், அத்தையின் வீட்டுக்காரருக்கு அண்ணன் மகன். சர்க்கரை ஆலையின் பவர் ஹவுஸில் டர்பைன் பார்க்கிற வேலை. பாதி தின்ற இலையை மடிக்கப் போன ராஜாமணியை அத்தை ஒரு மாதிரி பார்த்தாள். முறைக்காரப் பையன், முறைக்காரப் பெண். மறு தையில் அவருக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அன்றைக்குப் பந்தலில் கேட்ட பெயரை அதற்கப்புறம் ராஜாமணி தன் வாயால் சொன்னதே கிடையாது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அத்தை கல்யாணத்தன்றே காதில் போட்டுவைத்திருந்தாள். ரேஷன் கடையில் அட்டையை நீட்டுவாள், ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டுவாள். வீட்டில் 'மாமா' போதும்.

காத்தவராயனுக்கு வேலை காதில்தான். ஒரு முழ நீள இரும்புக் கம்பி வைத்திருப்பார். ஒரு முனையை ஓடுகிற மெஷினில் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எது தேய்கிறது, எதற்கு எண்ணெய் போதவில்லை என்று அதிலேயே சொல்லிவிடுவார். வீடும் ஆலை மதிலுக்குப் பின்னாலேயே. அரவை நடக்கிற மாதங்களில் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுவென்று பேசிக்கொண்டிருக்கும். தரையில் கால் வைத்தால் உள்ளங்கால் அதிரும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பட்டப்பகலில் வந்து படுப்பார். படுத்த மூன்றாவது நிமிஷம் குறட்டை. அடுத்த வீட்டில் சண்டை நடந்தாலும் எழுந்திருக்க மாட்டார். சத்தம் மாறினால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ரிட்டையர் ஆன பிறகும் எட்டு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு சிதம்பரத்தில் மகள் வினோதினியும் மருமகன் சித்தார்த்தும் வீடு கட்டி, மாடியை இவர்களுக்கென்றே ஒழித்துக் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே புது நகர். சுற்றிலும் காலி மனைகள். ஒரு சத்தம் கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "ஆகா, என்னா அமைதி!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அமைதியில்தான் காத்தவராயனுக்குத் தூக்கம் போனது.

முதலில் புது இடம் என்றார்கள். அப்புறம் வயசு என்றார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தலை தொங்கியது, கண் மூடவில்லை. பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. ஒரு நாள் காலையில் கோதுமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனவர் மதியமாகியும் வரவில்லை. ராஜாமணி தேடிக்கொண்டு போனால், மில் பெஞ்சில் சாய்ந்து, முகமெல்லாம் மாவு படிய, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அதற்கப்புறம் தினமும் எதையாவது அரைக்கப் புறப்பட்டார். கோதுமை, கேழ்வரகு, மிளகாய், கொத்தமல்லி. வீட்டில் வைக்க இடமில்லாமல் மாவு சேர்ந்தது.

"எம்மா, நாம என்ன கடையா வெச்சிருக்கோம்?" என்றாள் வினோதினி.

மாவு மில்லுக்குப் போவது நின்றதும் பஸ்ஸைப் பிடித்தார். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு, டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடியை ஒட்டிய சீட். கடலூரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். போக ஒரு தூக்கம், வர ஒரு தூக்கம். ஒரு தடவை கண்டக்டர் எழுப்ப மறந்து பாண்டிச்சேரி வரைக்கும் போய்விட்டார். அப்புறம் புது பஸ்கள் வந்தன. அவற்றில் எஞ்சின் பின்னால் போய்விட்டது, சத்தமும் செத்துப்போய்விட்டது.

அந்த நிலைமையில்தான் முதல் கப்பல். சித்தார்த் தங்கள் கல்யாண நாளுக்கு ஓர் உல்லாசக் கப்பலில் இடம் போட்டான். மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனான். சென்னையில் ஏற்றி, மூன்று நாள் கடலில் சுற்றிக் காட்டி, திரும்பச் சென்னையிலேயே இறக்கிவிடுகிற கப்பல். ராஜாமணி துறைமுகத்து ஊரில் பிறந்தவள்தான். ஆனால் முதுநகரில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு படகில்தான் வரும். கப்பல் என்றால் அவளுக்குக் கட்டைவிரல் அளவு. பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. பன்னிரண்டு மாடி.

இவர்கள் இருவருக்கும் கிடைத்தது அடியில், இரண்டாம் தளத்தில், ஜன்னல் இல்லாத அறை.

"மன்னிச்சுக்கோங்க மாமா, கடைசி நேரத்துல இதுதான் கெடச்சுது" என்று சித்தார்த் பத்து தடவை சொன்னான்.

 கப்பல் அசைந்தது. காத்தவராயன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு டீ கலக்குகிற ஸ்பூனை எடுத்து, காம்பைச் சுவரில் ஊன்றி, குழிப் பக்கத்தைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இது டர்பைன் இல்ல, டீசல் எஞ்சின். ஆனா நல்லா வெச்சிருக்கான்" என்றார். செருப்பைக் கழற்றினார். சாயங்காலம் நாலு மணிக்குப் படுத்தவர் மறுநாள் காலை பத்து மணிக்கு எழுந்தார்.

வினோதினி பயந்துபோய் நடுவில் கப்பல் டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, தூங்குறாரு" என்றார். மூன்று நாளும் சாப்பிட எழுந்தார், மறுபடி படுத்தார். பாட்டு, கூத்து, நீச்சல்குளம் ஒன்றையும் பார்க்கவில்லை. கடலையே அவர் சரியாகப் பார்த்தாரா என்று ராஜாமணிக்குச் சந்தேகம். ஆனால் இறங்கும்போது படியில் அவள் கையைப் பிடித்து அவர்தான் இறக்கினார். ஒரு மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மீன் குழம்புக்கு உப்பு பத்தவில்லை என்று சண்டை போட்டார். அவள் அந்தச் சண்டைக்காக அவ்வளவு நாள் காத்திருந்தவள்.

பிறகு ஒவ்வொரு நாளாக அது வடிந்தது. ஆனி மாதம் ஒரு நாள் விடிந்த பிறகு, மாடியிலிருந்து இறங்கும்போது கண் சொக்கி, கால் தவறி, ஆறு படி உருண்டார். நெற்றியில் நாலு தையல். டாக்டர் ராஜாமணியைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. இப்புடியே தூக்கம் இல்லாம போனா அடுத்த தடவ படியில வுழுந்ததோட நிக்காதும்மா" என்றார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோதே அவள் தீர்மானித்துவிட்டாள். அந்தக் கப்பலுக்கே திரும்பப் போவது.

"வேணாம்" என்றார் காத்தவராயன். "தூங்கறதுக்காக கப்பல் ஏறுறான்னு ஊர்ல சிரிப்பாங்க. மாப்ள இன்னா நெனைப்பாரு? ஆசையா வூடு கட்டி மாடிய குடுத்தாரு. அதுல தூக்கம் வரலன்னு அவருகிட்ட சொல்லுவியா?"

"சொல்லல. ஆனா போறோம்."

"சத்தியமா சொல்லக்கூடாது."

"சத்தியமா சொல்லல, போதுமா? தலையக் காட்டுங்க, மருந்து வெக்கணும்."

அந்த வருஷம் அவருக்கு எழுபது முடிகிறது. திருக்கடையூரில் வைத்து சாந்தி செய்து, மாலை மாற்றி, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவது என்று வினோதினி நாள் பார்த்துவைத்திருந்தாள். ராஜாமணி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"திருக்கடையூரு வேணாம்டி. அதுக்கு பதிலா எங்கள அந்தக் கப்பல்லயே ஏத்தி வுடு."

"யம்மா! ஆயுசுக்கு செய்யறத வேணாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"ஆயுசுக்குத்தான் சொல்றன்."

"அப்படி இன்னா இருக்கு அந்தக் கப்பல்ல? அப்பா மூணு நாளும் தூங்கிட்டுதான இருந்தாரு?"

ராஜாமணிக்கு வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் நினைவுக்கு வந்தது. "கடல் காத்து அப்பாவுக்கு ஒத்துக்குதுடி" என்றாள். அந்த ஒரு பொய்தான் பிறகு எல்லா வம்பையும் இழுத்துவிட்டது.

ஸ்ரீமதி, அன்றைக்குக் காது குத்தி அலறிய அதே ஸ்ரீமதி, இப்போது முதுநகரில் பேரன் பேத்தி எடுத்தவள். காத்தவராயனுக்குத் தங்கை முறை. விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, பாத்த கப்பல மறுபடியும் பாக்கறதுக்கு இன்னா இருக்கு? எந்த ஊருக்கும் போவாத கப்பலாமே அது! சும்மா போயி சும்மா வர்றதாம்!"

"நீ மாசாமாசம் நடராஜர பாக்க வர்றியே, போன மாசம் பாத்தவரு இல்லியா அவரு?"

"ஐயோ, அவரு சாமி!"

"அப்ப இத நீ கேக்காத. எங்க சாமிய நான் பாத்துக்கறன்."

ஸ்ரீமதிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணிக்கு வயசான காலத்தில் ஆடம்பரம் தலைக்கேறிவிட்டது என்று கடலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். ராஜாமணி சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு ஒரே கணக்கு: ஆவணிக் கடைசியில் அந்தக் கப்பலுக்குச் சென்னையிலிருந்து கடைசிப் பயணம். அதை விட்டால் அது மேற்குக் கடல் பக்கம் போய்விடும், வருவதற்கு மாதக்கணக்காகும். இவருக்கு அத்தனை மாதம் தாங்காது.

வினோதினி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாள். இந்த முறை கிழவனும் கிழவியும் மட்டும். சென்னை வரை மகளும் மருமகனும் வந்து ஏற்றிவிட்டார்கள். துறைமுக வாசலில் சித்தார்த் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான்: "அத்தை, போன தடவ மாமாவ அடியில கொண்டுபோய் போட்டதுல எனக்கு மனசே ஆறல. இந்த தடவ ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."



லிப்ட் கீழே போகவில்லை. மேலே போனது. பத்தாவது தளம். கதவைத் திறந்தால் பெரிய கட்டில், பூங்கொத்து, கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே பால்கனி, அதற்கு வெளியே கடல். கடல் காற்று மாமனாருக்கு ஒத்துக்கொள்கிறது என்று மாமியார் சொன்னதை மருமகன் அப்படியே நம்பி, காற்று எங்கே ஜாஸ்தியோ அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

கப்பல் புறப்பட்டது. காத்தவராயன் சுவரில் கை வைத்தார். ஸ்பூனை வைத்துப் பார்த்தார். தரையில் குனிந்து, கம்பளத்தை விலக்கி, அங்கேயும் வைத்துப் பார்த்தார்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. செத்த சுவரு."

"கீழ மாத்திக் கேப்பமா?"

"வேணாம் ராஜாமணி. மாப்ள ஆசையா செஞ்சிருக்காரு. மாத்துனது தெரிஞ்சா மொகம் சுருங்கிப்புடும். மூணு நாள்தான, காத்து வாங்கிட்டு போவோம்."

மறுநாள் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. நெற்றித் தழும்புக்குப் பக்கத்தில் நரம்பு துடித்தது. இட்லியைப் பிட்டவர் வாயில் வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ராஜாமணி தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"இங்கியே உக்காருங்க. வந்துர்றன்."

நடுக்கூடத்தில் வரவேற்பு மேசை. அங்கே அனுப்பிரியா என்று பெயர் குத்திய ஒரு பெண் நின்றாள். தமிழ் பேசினாள். அவளுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் வரிசையில். ராஜாமணிக்கு முன்னால் நின்ற பையனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், கழுத்தில் புதுச் செயின், கையில் மருதாணி அழியாத பெண்டாட்டி.

"என் பேரு அருள்மொழி. ரெண்டாவது தளம். மேடம், அது ரூமா, பேக்டரியா? எஞ்சின் மேலயே கட்டில் போட்ட மாதிரி இருக்கு. கண்ணாடி கிளாஸ் தானா நடந்து போகுது மேடம்! ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் உக்காந்தே இருந்தோம்."

"சார், எல்லா ரூமும் ஃபுல். சாரி சார்."

கிளாஸ் தானாக நடக்கிறதாம். ராஜாமணிக்கு நெல்லிக்குப்பத்து அலமாரி கண் முன்னால் வந்தது. அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"தம்பி, அந்த ரூம எங்களுக்குக் குடுத்துருப்பா."

அவன் திரும்பிப் பார்த்தான். "பாட்டிம்மா, நானே நொந்துபோய் நிக்கறேன், கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் இல்லப்பா. எங்களுது மேல பத்தாவது மாடி. பால்கனி இருக்கு. பூவெல்லாம் வெச்சிருக்கான். நீ எடுத்துக்கோ. ஒண்ணும் தரவேணாம்."

அவன் பெண்டாட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அனுப்பிரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, எல்லாரும் மேல மாத்தித் தாங்கன்னுதான் கேப்பாங்க. கீழ கேட்டு யாரும் வந்ததில்ல. அந்த ரூம்ல ஏதாச்சும் கம்ப்ளெயின்ட்டா?"

"ரூம்ல ஒரு கொறையும் இல்லம்மா. எங்க வூட்டுக்காரரு முப்பத்தெட்டு வருசம் மெஷின் பக்கத்துல இருந்தவரு. அந்த சத்தம் இல்லன்னா தூக்கம் வராது. தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? அந்தத் தூக்கத்துக்குத்தான் இந்தக் கப்பல தேடி வந்தோம். எங்க மருமவன் பாசத்துல மேல ஏத்தி வுட்டுட்டான்."

சத்தியம் போனது. போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அனுப்பிரியா உள்ளே போய் வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவரிடம் பேசினாள். அவர் எட்டிப் பார்த்தார், சிரித்தார், தலையாட்டினார். அவள் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாத்திடலாம்மா. ரூம் யார் பேர்ல இருக்கு?"

"எங்க வூட்டுக்காரரு பேர்ல."

"பேரு சொல்லுங்க."

ராஜாமணி கையிலிருந்த அறை அட்டையைப் பார்த்தாள். அதில் அவள் பெயர்தான் இருந்தது. அவர் அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. போய் வாங்கிக்கொண்டு வரலாம். வந்தால் அவரும் கூடவே எழுந்து வருவார், வேணாம் என்பார், மாப்பிள்ளை முகம் என்பார். பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அத்தை சொன்னாள். தூக்கம் இல்லாவிட்டால் குறையும் என்று டாக்டர் சொன்னார். அத்தை சொன்னதை இத்தனை வருஷம் கேட்டாயிற்று, இனி டாக்டர் சொன்னதைக் கேட்போம் என்று நிமிர்ந்து நின்றாள்.

"காத்தவராயன்" என்றாள்.

கூடத்தில் காபி மெஷின் இரைந்துகொண்டிருந்ததால், அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "காத்தவராயன்!"

தூரத்தில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார். அன்றைக்குப் பந்தியில் தூக்கிய மாதிரியே, எங்கேயோ சத்தம் மாறிவிட்ட மாதிரி. சுற்றும்முற்றும் பார்த்தார். கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் கையிலிருந்த இட்லியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீயா கூப்புட்ட?"

"நான்தான். பெட்டிய எடுங்க, கீழ போறோம்."

"மாப்ள கிட்ட இன்னா சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவன். நீங்க தூங்குங்க."

அருள்மொழியும் பெண்டாட்டியும் பெட்டியோடு மேலே போனார்கள். போகிற அவசரத்தில் அவன் இரண்டு தடவை ராஜாமணி காலைத் தொட வந்தான். இவர்கள் கீழே இறங்கினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மேசை மேல் கண்ணாடி கிளாஸ் ஒன்று மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ராஜாமணி அதை எடுத்துத் துண்டின் மேல் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். மற்றது காலிலேயே இருந்தது. குறட்டை வந்துவிட்டது. அவள் அந்தச் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

சென்னையில் இறங்கியபோது சித்தார்த் ஓடி வந்தான். "பால்கனி எப்படி மாமா?" காத்தவராயன் ராஜாமணியைப் பார்த்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள்: மாவு மில், பஸ், அருள்மொழி எல்லாம். 

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் மாடியிலேயே ஒரு மோட்டார் போட்டிருப்பனே மாமா" என்றான் சித்தார்த்.

"போடு மாப்ள. ஆனா நல்ல பேரிங்கா போடு" என்றார் காத்தவராயன். காரில் ஏறியதிலிருந்து சிதம்பரம் வரும்வரைக்கும் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அவன் சொன்னபடி மாடியில், அவர் கட்டிலுக்கு அடுத்த அறையில், பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்று கட்டையில் முடுக்கி வைத்து ஓடுகிறது. அது கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் தூக்கம் கொடுக்கும். முழுத் தூக்கத்துக்கு ஆவணி வரவேண்டும். அடுத்த வருஷம் போனார்கள். இந்த வருஷமும் போயிருக்கிறார்கள். அறையை முன்கூட்டியே சொல்லிவைத்தது சித்தார்த்தான்: இரண்டாம் தளம், எஞ்சின் பக்கம், வேறு எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று. அவன் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ரூம் யார் பேர்ல என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. 'பேரா?' என்று அவன் கேட்டதும் ராஜாமணி சமையலறையிலிருந்தே சொன்னாள்.

காத்தவராயனுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. நேற்று முன்தினம் சென்னையில் ஏறினார். இப்போது அந்தக் கப்பலின் இரண்டாம் தளத்தில், எஞ்சின் பக்கத்து அறையில், தூங்கிக்கொண்டிருக்கிறார்.